ஐந்து லிட்டர் கேன்

மே 4, ஞாயிறு

பாலக்கோட்டில் சித்தப்பாவின் தக்காளித் தோட்டத்துக் கிணறு. நாற்பத்தொரு வயதில் நீச்சல் பழக இறங்கிவிட்டேன். மூடியை இறுக்கிய ஐந்து லிட்டர் காலி எண்ணெய் கேனை முதுகில் கட்டிவிட்டார். அவர் காலத்தில் சுரைக்குடுக்கையாம். அரை மணி நேரம் சுகமாக மிதந்தேன். பயம் போனது, ஆனால் கை காலுக்கு வேலையே இல்லை.

மே 6, செவ்வாய்

கேனைக் கழற்றச் சொன்னேன். "வேண்டாம் கண்ணு" என்றார் சித்தப்பா. கேட்கவில்லை. இரண்டு வீச்சுக்குள் மூழ்கி, மூக்கில் தண்ணீர் ஏறி, படியைப் பிடித்தபோது உடம்பெல்லாம் நடுக்கம். திரும்பக் கேனைக் கட்டியும் காலை அடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்ததுகூட இன்று வரவில்லை.

மே 7, புதன்

இறங்கவில்லை.

மே 9, வெள்ளி

சித்தப்பா கேனுக்குள் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடினார். கணக்கு டீச்சரான எனக்கு உடனே விளங்கியது. காலி கேன் முழுக்க அமிழ்ந்தால் ஏறக்குறைய ஐந்து கிலோவைத் தாங்கும். ஒரு லிட்டர் உள்ளே போனால் நாலு கிலோதான். மீதி ஒரு கிலோவுக்கு நான்தான் கை காலை அடிக்க வேண்டும். அடித்தேன். முடிந்தது!

மே 12, திங்கள்

இரண்டு லிட்டர்.

பி.எட். தேர்வுக்கு சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கியை (1896–1934) மனப்பாடம் செய்தது ஞாபகம் வந்தது. பிள்ளை தனியாகச் செய்வதற்கும், விஷயம் தெரிந்த ஒருவர் துணையோடு செய்வதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு, கற்பித்தல் அங்கேதான் நடக்க வேண்டும் என்றவர். 1976-இல் வுட், புரூனர், ராஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் எழுதிய கட்டுரையில் இப்படித் தரும் துணையைச் சாரத்துக்கு ஒப்பிட்டார்கள். கொத்தனார் கட்டி, வேலை முடிந்ததும் பிரிக்கிற அதே சாரம்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். காரணிப்படுத்துதல் வரவில்லையே என்று இரக்கப்பட்டு, முதல் உறுப்பின் கெழு (x²-க்கு முன்னால் நிற்கும் எண்) ஒன்றாக உள்ள கணக்குகளையே வருடம் முழுக்கக் கொடுத்தேன். எல்லாம் சரியாகப் போட்டான், நானும் பாராட்டினேன். பரீட்சையில் கெழு இரண்டு என்று வந்ததும் வெள்ளைத்தாளை நீட்டினான். அவன் கேனில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நான் ஊற்றவில்லை. இன்று முழுக்க அவன் முகம்தான் கண்ணில் நிற்கிறது.

மே 16, வெள்ளி

மூன்று லிட்டர். இரவு சரியாகத் தூக்கமில்லை. இரண்டு சுற்று போனதும் சித்தப்பா என்னைப் படிக்குக் கூப்பிட்டு, கேட்காமலே ஒரு லிட்டரைக் கொட்டிவிட்டார். எப்படித் தெரிந்தது என்றேன். "மூச்சுச் சத்தம் மாறிப்போச்சு கண்ணு." இத்தனை நாளாக நாட்களை எண்ணித்தான் ஊற்றுகிறார் என்று நினைத்திருந்தேன்.

மே 21, புதன்

நாலு லிட்டர். கிணற்றின் குறுக்கே ஒரு முறை நிற்காமல் போனேன். மகள் பக்கத்திலேயே நீந்தி வந்தாள்.

இரவு அந்தப் பையனுக்காக நோட்டில் கணக்கு எழுதினேன். ஜூனில் பத்தாம் வகுப்புக்கு வருவான். முதல் கணக்கில் கெழு இரண்டு, நடு உறுப்பை நானே பிரித்துக் கடைசி இரண்டு வரியை மட்டும் விட்டிருக்கிறேன். அடுத்ததில் பிரிப்பதும் அவன் வேலை. மூன்றாவதை இப்போது எழுதவில்லை. அவன் முதலிரண்டைப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுத வேண்டும்.