ஓ.கே. லிம்மின் டாங்குகளில் இருந்த எண்ணெய் யாருடையது?

2020-ல் கவிழ்ந்த சிங்கப்பூர் எண்ணெய் வியாபாரக் கம்பெனி ஹின் லியோங் பேச்சை எடுத்தாலே, தண்டையார்பேட்டை, மணலி பக்கம் டாங்க் வேலையும் கப்பல் வேலையும் தெரிந்தவர்கள் உடனே சொல்வது இதுதான்: "கோவிட் வந்து கவுத்துடுச்சு." இது பாதிதான் சரி. 2020-ல் எண்ணெய் விலை விழுந்ததால் குட்டு வெளியே வந்தது. குட்டு பல வருடமாக உள்ளேயே இருந்தது. அது எங்கே ஒளிந்திருந்தது என்று புரிந்துகொள்ள நிதிப் படிப்பு தேவையில்லை. டிப் எடுக்க, அதாவது டாங்கில் எண்ணெய் மட்டம் அளக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் கம்பெனியை நடத்திய ஆள் யார் என்று பார்ப்போம். லிம் ஊன் குயின், சுருக்கமாக ஓ.கே. லிம். சீனாவின் ஃபுஜியான் மாகாணத்தில் பிறந்து சிங்கப்பூர் வந்தவர். 1963-ல் ஒரே ஒரு லாரியை வைத்துக்கொண்டு மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் ஊற்ற ஆரம்பித்தார். காசிமேட்டைத் தெரிந்தவர்களுக்கு இந்த வியாபாரம் சட்டென்று புரியும். விசைப்படகு கிளம்பும் முன்னால் ஐஸும் டீசலும் ஏறியாக வேண்டும், அதில் பெரிய செலவு டீசல். நேரத்துக்குக் கொண்டுவந்து ஊற்றுகிறவனிடம்தான் படகுக்காரர் திரும்பத் திரும்ப வருவார். அந்த ஒழுங்கு லிம்மிடம் இருந்தது. 1973-ல் ஹின் லியோங் டிரேடிங் கம்பெனியாகப் பதிவானது. 1978-ல் ஓஷன் டாங்க்கர்ஸ் என்ற கப்பல் கம்பெனி வந்தது. கடைசியில் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களை அது நடத்திக்கொண்டிருந்தது. ஜூரோங் தீவில் யுனிவர்சல் டெர்மினல் என்ற பிரம்மாண்டமான சேமிப்புக் கிடங்கு. அதன் கொள்ளளவு சுமார் 23 லட்சம் கன மீட்டர், அதில் லிம் குடும்பத்தின் பங்கு 41 சதவீதம். கப்பல்களுக்கு எரிபொருள் ஊற்றும் பங்கரிங் தொழிலிலும் முன்வரிசையில் இருந்தார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். வாங்கி விற்பது ஒரு கம்பெனி, ஏற்றிச் செல்வது ஒரு கம்பெனி, தேக்கி வைப்பது ஒரு கம்பெனி. எல்லாம் ஒரே குடும்பம். இதில் லாபம் எப்படி வரும் என்பது தெளிவு. இன்றைய விலை குறைந்து மூன்று மாதம் கழித்து விலை கூடும் என்ற நிலை வந்தால், சொந்த டாங்கில் நிரப்பி வைத்து முன்பேரத்தில் (பிறகு தருவதாக இன்றே விலை பேசி) விற்கலாம், வாடகை மிச்சம். ஆபத்தும் அதே இடத்தில்தான். சரக்கு இருக்கிறதா என்று வெளியாள் கேட்டால், சான்றிதழ் தரும் டெர்மினலும் உறவு, பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றிக்கொண்டதற்கான கப்பல் ரசீது, இதை வைத்திருப்பவருக்கே சரக்கு) தரும் கப்பலும் உறவு.

டாங்கில் எண்ணெய் அளப்பது எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், மற்றது இதன்மேல்தான் நிற்கிறது. டாங்க் மேலே கேஜ் ஹாட்ச் என்ற அளக்கும் திறப்பு இருக்கும். ஸ்டீல் டேப், முனையில் பாப் என்ற பித்தளை எடைக்குண்டு. பாப்பில் வாட்டர் ஃபைண்டிங் பேஸ்ட் தடவி மெதுவாக இறக்க வேண்டும். கீழே தண்ணீர் நின்றால், நின்ற மட்டம் வரை பேஸ்ட் நிறம் மாறும். முதலில் ரெஃபரன்ஸ் ஹைட் சரிபார்க்க வேண்டும்: ஹாட்ச் விளிம்பிலிருந்து அடித்தட்டு வரை உள்ள உயரம் டாங்கில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிறதா? அடியில் வண்டல் படிந்திருந்தால் பாப் மேலேயே நின்றுவிடும், டிப் குறைவாகக் காட்டும். பம்ப் நிறுத்திய உடனே டிப் எடுத்தால் மேல்மட்டம் ஆடும், தொடர்ந்து எடுக்கும் மூன்று டிப்பும் மூன்று விதமாக வரும். மிதக்கும் கூரை உள்ள டாங்கில் கூரை கால் ஊன்றும் மட்டத்தை ஒட்டி எண்ணெய் நின்றால், அந்த அளவை நம்பக் கூடாது. மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் வெப்பநிலை, மாதிரி எடுத்து ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி, பிறகு எந்த மட்டத்துக்கு எத்தனை லிட்டர் என்று சொல்லும் காலிப்ரேஷன் சார்ட்.

40 மீட்டர் விட்டமுள்ள டாங்கில் ஒரு மில்லிமீட்டர் என்பது 1,257 லிட்டர். 10,000 கிலோலிட்டர் டீசல் 32 டிகிரியில் இருந்தால், 15 டிகிரிக்கு மாற்றிக் கணக்கிடும்போது ஏறக்குறைய 140 கிலோலிட்டர் குறையும். பத்துப் பன்னிரண்டு டாங்க் லாரி சரக்கு! நம்ம ஊர் வெயிலில் இதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறவர் சண்டையில்தான் முடிப்பார்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தால் ஒரே ஒரு விஷயம் உறுதியாகும்: இந்த டாங்கில், இந்த நேரத்தில், இவ்வளவு எண்ணெய் இருக்கிறது. அது யாருடையது என்பது டேப்பில் தெரியாது. பெரிய டெர்மினல்களில் ஒரே டாங்கில் பலருடைய சரக்கு கலந்து கிடக்கும். விற்றால் எண்ணெய் அசைய வேண்டும் என்றும் இல்லை. பேரேட்டில் ஒருவர் பெயரில் கழித்து இன்னொருவர் பெயரில் ஏற்றினால் விற்பனை முடிந்தது. டாங்கிலிருந்து டாங்குக்கு மாற்றியதாகத் தரும் இன்டர்-டாங்க் டிரான்ஸ்ஃபர் சான்றிதழும் அதே மாதிரி ஒரு காகிதம்தான். வங்கி பார்ப்பது அந்தக் காகிதத்தை.

(லிம் லாரி ஓட்ட ஆரம்பித்த அதே 1963-ல் அமெரிக்காவில் இன்னொரு எண்ணெய் மன்னன் கவிழ்ந்தார் என்பது விசித்திரமான பொருத்தம். டினோ டி ஏஞ்சலிஸ், சோயா எண்ணெய் வியாபாரி, நியூ ஜெர்சியின் பயோன் நகரில் டாங்குகள். உள்ளே பெரும்பகுதி தண்ணீர், மேலே கொஞ்சம் எண்ணெய். டிப் எடுத்துச் சொன்னது அவருடைய ஆட்கள், கிடங்குக் கம்பெனிக்காரர் எழுதிக்கொண்டார். அந்தக் கிடங்கு ரசீதுகளை நம்பிக் கடன் கொடுத்தவர்களுக்கு 15 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அங்கே ஒரு விரல் அளவு வாட்டர் பேஸ்ட் கதையை முடித்திருக்கும். லிம் விஷயத்தில் பேஸ்ட்டும் உதவாது.)

ஏன் உதவாது? ஹின் லியோங் ஒரு சரக்கை ஒரு வங்கியிடம் அடமானம் வைக்கும். அடமானத்தில் இருக்கும்போதே அதை விற்கும். வந்த பணம் கடனை அடைக்கப் போகாமல் பொதுச் செலவில் கரையும். இதைச் சொன்னது எதிராளிகள் இல்லை, 2020 ஏப்ரலில் கம்பெனி தரப்பிலேயே தாக்கலான பிரமாண வாக்குமூலம். கப்பல் பக்கமும் இதே ஓட்டைதான். எண்ணெய்க் கப்பல் பெரும்பாலும் காகிதத்துக்கு முன்னால் துறைமுகம் வந்துவிடும். அசல் பில் ஆஃப் லேடிங் மூன்று பிரதிகளும் வங்கிகள் வழியாகச் சுற்றி வருவதற்குள் டெமரேஜ் (கப்பல் காத்திருப்பதற்கான தாமதக் கட்டணம்) ஏறும். அதனால் இழப்பீட்டு உறுதிக் கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு சரக்கை இறக்கிவிடுவது உலகம் முழுக்க வழக்கம். சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக்கிலும் இது புதுமை இல்லை. நேர்மையான கைகளில் இது வசதி. கப்பல்காரரும் சரக்குக்காரரும் ஒரே வீட்டார் என்றால், வங்கி கையில் அசல் பில் இருக்கும், சரக்கு இருக்காது. 2020-க்குப் பிறகு ஓஷன் டாங்க்கர்ஸ் மேல் வங்கிகள் போட்ட வழக்குகளின் சாரம் இதுதான்.

பணம் எங்கே ஓட்டை விட்டது? முன்பேர ஒப்பந்தங்களில். ஒரு லாட் என்பது 1,000 பீப்பாய். விலை ஒரு டாலர் எதிராகப் போனால் ஒரு லாட்டுக்கு 1,000 டாலர் மார்ஜின், அதாவது ஈட்டுப் பணம், அன்றைக்கே கட்ட வேண்டும். ஒரு கோடி பீப்பாய்க்குப் பந்தயம் கட்டியிருந்தால், ஒரு டாலர் இறக்கத்துக்கு ஒரு கோடி டாலர் ரொக்கம். இப்படிப் பல வருடங்களில் சேர்ந்த நஷ்டம் சுமார் 80 கோடி டாலர். அதைக் கணக்கில் காட்ட வேண்டாம் என்று நிதிப் பிரிவுக்குத் தானே சொன்னதாக லிம் ஒப்புக்கொண்டார். 2019 அக்டோபரோடு முடிந்த ஆண்டுக்குக் கம்பெனி காட்டியது நஷ்டம் அல்ல, சுமார் 7.8 கோடி டாலர் லாபம். நிஜத்தில் சில வருடங்களாகவே லாபம் கிடையாது என்று அதே வாக்குமூலம் சொல்கிறது.

2020 ஜனவரி தொடக்கத்தில் பிரென்ட் கச்சா எண்ணெய் விலை ஒரு பீப்பாய்க்கு 65 டாலருக்கு மேல். மார்ச் கடைசியில் 25-க்கும் கீழே. விலை இறங்கினால் அடமானச் சரக்கின் மதிப்பும் சேர்ந்து இறங்கும், வங்கிகள் மேற்கொண்டு கேட்கும், லெட்டர் ஆஃப் கிரெடிட் (விற்பவருக்கு வங்கி தரும் பண உத்தரவாதம்) திறக்க மறுக்கும். சரக்கு உண்மையிலேயே டாங்கில் இருந்திருந்தால் கொஞ்சம் விற்று, கொஞ்சம் கெஞ்சி, தாக்குப் பிடித்திருக்கலாம். பல வியாபாரிகள் அப்படித்தான் தப்பினார்கள். ஹின் லியோங் ஏப்ரல் 17 அன்று நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. மூன்று நாள் கழித்து, அமெரிக்கக் கச்சா எண்ணெயான டபிள்யூ.டி.ஐ. விலை சரித்திரத்தில் முதல் முறையாகப் பூஜ்யத்துக்குக் கீழே போனது. கம்பெனியின் கடன் பொறுப்பு 405 கோடி டாலர், சொத்து 71.4 கோடி. கடன் கொடுத்தது 23 வங்கிகள், அவற்றுக்கு மட்டும் 385 கோடி. அதிகம் மாட்டியது ஹெச்.எஸ்.பி.சி., சுமார் 60 கோடி. பிறகு நீதிமன்றம் நியமித்த பி.டபிள்யூ.சி. என்ற தணிக்கை நிறுவனத்தின் நிர்வாகிகள் தோண்டியதில், வசூலாகவே வழியில்லாத வரவுகள் மட்டும் 223 கோடி டாலர் என்றும், ஆவணங்கள் பெருமளவில் ஜோடிக்கப்பட்டவை என்றும் தெரிந்தது.

லிம் மேல் மொத்தம் 130 குற்றச்சாட்டுகள். விசாரணைக்கு எடுத்துக்கொண்டவற்றில் 2024 மே மாதம் மூன்றில் குற்றம் உறுதியானது: ஹெச்.எஸ்.பி.சி.யை ஏமாற்றியது இரண்டு, போலி ஆவணம் செய்யத் தூண்டியது ஒன்று. சைனா ஏவியேஷன் ஆயில், யூனிபெக் ஆகிய இரண்டு கம்பெனிகளுக்கும் எண்ணெய் விற்றதாகக் காட்டி வாங்கிய தொகை சுமார் 11 கோடியே 17 லட்சம் டாலர். அந்த விற்பனைகள் நடக்கவே இல்லை. போலி என்று நிரூபணமான காகிதம் யுனிவர்சல் டெர்மினல் பெயரில் இருந்த இன்டர்-டாங்க் டிரான்ஸ்ஃபர் சான்றிதழ். 10 லட்சம் பீப்பாய்க்கு மேல் டீசல் கைமாறியதாக அதில் இருந்தது. அந்தக் காகிதத்தின் பேரில் வாங்கிய கடன் 5.6 கோடி டாலருக்கு மேல்.

10 லட்சம் பீப்பாய் என்றால் 1,59,000 கிலோலிட்டர். மேலே சொன்ன 10,000 கிலோலிட்டர் டாங்கில் கிட்டத்தட்ட 16 டாங்க் நிறைய. அவ்வளவு சரக்கு கைமாறியதாக ஒரு தாள் சொல்கிறது. தண்டையார்பேட்டை டெர்மினலிலிருந்து பங்க்குக்குப் போகும் ஒரு 12,000 லிட்டர் லாரிக்கு என்ன நடக்கிறது? சீல் எண் பார்ப்பார்கள், ஒவ்வொரு அறையிலும் டிப் ராடு விடுவார்கள், தண்ணீர் சோதிப்பார்கள், சலானில் உள்ள அடர்த்தியோடு கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் இறக்க மாட்டார்கள். சரக்கு சிறியதாக இருக்கும்வரை எல்லோரும் கறாராக இருக்கிறார்கள்.

2024 நவம்பர் 18 அன்று பதினேழரை வருடச் சிறைத் தண்டனை. அப்போது லிம்முக்கு 82 வயது. மேல்முறையீடு செய்தார். தண்டனைக்கு இரண்டு மாதம் முன்னால், சிவில் வழக்கில் லிம்மும் அவருடைய மகனும் மகளும் 350 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தார்கள். டிசம்பரில் அவர் திவாலானவராக அறிவிக்கப்பட்டார். இதற்கிடையில் ஏபிஎன் ஆம்ரோ என்ற நெதர்லாந்து வங்கி, சரக்கை ஈடாக வைத்துக் கடன் தரும் இந்தத் தொழிலையே விட்டு வெளியேறியது. ஒரே சரக்குக்கு இரண்டு இடத்தில் கடன் வாங்குவதைப் பிடிக்க, சிங்கப்பூர் வங்கிகள் பொதுவான பதிவேடு ஒன்றை உருவாக்கத் தொடங்கின.

பாரிமுனை ஷிப்பிங் ஆபீஸ்களில் ஆவணம் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதிலிருந்து வேலைக்கு ஆகிற மாதிரி சில விஷயம் உண்டு. டெர்மினல் சான்றிதழ் வந்தால், அந்தச் சான்றிதழிலேயே அச்சடித்திருக்கும் நம்பருக்குப் போன் போடாதீர்கள். டெர்மினலின் நம்பரை வேறு வழியில் எடுத்து, சான்றிதழ் எண்ணைச் சொல்லி உறுதி கேளுங்கள். கொடுக்கிற டாங்க் எண்ணின் கொள்ளளவு சான்றிதழில் உள்ள அளவைத் தாங்குமா என்று பாருங்கள். வாங்குபவரிடமிருந்து வரும் உறுதி, விற்பவரின் மின்னஞ்சல் வழியாக வந்தால் அது உறுதி அல்ல. சரக்கை அளந்து அறிக்கை தரும் சர்வேயரை யார் நியமித்தது, கூலி யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். டிப் அறிக்கையை ஒரு டாங்குக்கு மட்டும் வாங்காமல், அந்தக் கிடங்கில் அந்தப் பொருள் உள்ள எல்லா டாங்குக்கும் ஒரே நாளில் வாங்குங்கள். கூடவே எத்தனை பேர் பெயரில் எவ்வளவு நிற்கிறது என்ற பேரேட்டுப் பிரதியும் கேளுங்கள். இரண்டு கூட்டுத்தொகையும் பொருந்த வேண்டும். வித்தியாசத்துக்கு ஆவியாதல், வெப்பநிலை என்று காரணம் சொல்வார்கள். டீசலில் ஆவியாதல் அவ்வளவு வராது. வெப்பநிலைக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், அதற்கும் மேல் இடித்தால் பணத்தை நிறுத்துங்கள்.