மயங்கிக் கிடக்கும் எலியின் சிறுநீரகம்

விழித்திருக்கும் எலியின் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து, 100 கிராம் உடல் எடைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டும். அதே எலியை மயக்கி, வயிற்றைத் திறந்து, இழந்த நீரை ஈடுகட்டாமல் அளந்தால் அந்த எண் நன்றாகவே இறங்கிவிடும். சிறுநீரகத்தில் கோளாறு இருக்காது. குறைத்தது நம் கை. பினாங்கில் இந்த வேலையைப் புதிதாகத் தொடங்கும் மாணவர்கள் இதை முதல் நாளே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூச்சில் தரும் மயக்கமருந்தான ஐசோஃப்ளூரேன் கூடக்கூட ரத்தக்குழாய் தளர்ந்து அழுத்தம் சரியும். சராசரி ரத்த அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே போனால், சிறுநீரகம் தன் ரத்த ஓட்டத்தைத் தானே சரிக்கட்டும் திறனை இழக்கத் தொடங்கும். ஐசோஃப்ளூரேனை 1.5 முதல் 2 சதவீதத்துக்குள் வைத்து, தொடைத் தமனியில் கானுலா என்ற மெல்லிய குழாய் போட்டு அழுத்தத்தை விடாமல் பாருங்கள். எலி மீண்டும் விழிக்க வேண்டாத சோதனை என்றால் இனாக்டின் என்ற மயக்க ஊசிமருந்து நல்லது: கிலோவுக்கு 100 மில்லிகிராம் வயிற்றறைக்குள் ஊசி போட்டால், அழுத்தம் பெரிதாகக் குலையாமல் மயக்கம் பல மணிநேரம் நிற்கும். மூச்சுக்குழாயில் குழாய் போட மறந்தால் மட்டும் சளி அடைத்துக் கெடுக்கும்.

கெட்டமின்-சைலசின் என்ற மயக்கமருந்துக் கலவையை இதற்குத் தொடாதீர்கள். சைலசின் இன்சுலினை அடக்கிச் சர்க்கரையை ஏற்றும். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஏடிஎச் ஹார்மோனையும் தடுக்கும். சிறுநீர் தாராளமாக ஓடும். அதைப் பார்த்துச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள்.

வயிற்றைத் திறந்ததும் ரத்தத்தின் பிளாஸ்மா கசிந்து குடற்சுவரிலும் வயிற்றறையிலும் தேங்கும். ஹெமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அளக்கும் குழாயில் சிவப்பு மட்டம் ஏறியிருந்தால் அதுதான் காரணம். வெறும் உப்புநீர் ரத்தக்குழாயில் தங்காது. 6 சதவீத ஆல்புமினைக் கழுத்துச் சிரை வழியாக மெல்லச் செலுத்தி, ஹெமடோகிரிட்டைக் கீறுவதற்கு முன்பிருந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். குடலை வெளியே இழுத்துப் போடாதீர்கள், ஈரத் துணியால் மூடுங்கள். குடலை இழுத்தாலே நரம்பு முறுக்கேறி, சிறுநீரகத் தமனி சுருங்கி, ரத்த அழுத்தத்தை உயர்த்தவைக்கும் ரெனின் என்ற நொதி ஏறும்.

வெளியே 32 டிகிரி கொதித்தாலும் ஏர்கான் அறையில் எலி சில நிமிடங்களில் குளிர்ந்துவிடும். மலக்குடலில் வெப்பமானி வைத்து 37 டிகிரியைப் பிடித்து நிறுத்துங்கள். சிறுநீரகத் தமனியைக் கவ்வி ரத்தத்தை நிறுத்தும் சோதனையில் இது உயிர்நாடி: உடல் குளிர்ந்திருந்தால் சேதம் குறைவாகத் தெரியும், இரண்டு குழுக்களை ஒப்பிடவே முடியாது.

சிறுநீர் எடுக்கும் குழாயைக் குட்டையாக வெட்டுங்கள். உள்விட்டம் 0.58 மில்லிமீட்டர் உள்ள பிஇ-50 (பாலிஎத்திலீன்) குழாய் 20 சென்டிமீட்டர் இருந்தால் அதற்குள் சுமார் 53 மைக்ரோலிட்டர் நிற்கும். சிறுநீர் நிமிடத்துக்கு 5 மைக்ரோலிட்டர் வந்தால், நுனியில் இப்போது விழும் துளி பத்து நிமிடம் பழையது. வடிகட்டும் அளவைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் செலுத்தும் இனுலின் என்ற பொருளின் கணக்கில் ரத்தமும் சிறுநீரும் வெவ்வேறு நேரத்தைச் சொல்லும். அறுவை முடிந்து ஒரு மணிநேரமாவது எலியை நிதானத்துக்கு வரவிட்டு, பிறகு சேகரியுங்கள். 250 கிராம் எலியின் ரத்தமே 16 மில்லிலிட்டர்தான். மாதிரி எடுக்கும்போது கஞ்சத்தனம் தேவை.

பிழைத்து எழ வேண்டிய எலிக்கு வலிமருந்து கட்டாயம். சிறுநீரக ரத்தக்குழாயை விரித்து வைக்கும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் மெலாக்சிகாம் போன்ற வலிமருந்துகள் நீர் குறைந்த சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தை மேலும் குறைக்கும். புப்ரெனார்ஃபின் இங்கே பாதுகாப்பானது. அறுவைக்கு முந்தைய எடை திரும்பும்வரை அளவெடுக்காமல் காத்திருங்கள்.