கை கழுவிப்போட்டு வாங்கோ

நவராத்திரி வந்தால் எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு நாளும் ஒரு வகுப்பின் முறை. முறைக்காரர் விடியவே வந்து மண்டபத்தைக் கூட்டி, கும்பத்துக்குப் பூ வைத்து, அவலும் கடலையும் ஆயத்தப்படுத்த வேண்டும். எங்கள் தமிழ் வாத்தியார் அந்த ஒன்பது நாளும் எல்லோருக்கும் முதல் வந்து நிற்பார்.

சகலகலாவல்லி மாலையின் பத்துப் பாட்டையும் பாடாமல் விடமாட்டார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் காசிக்குப் போனபோது, அந்த ஊர் மொழி தனக்கு வரவேண்டும் என்று கலைமகளை வேண்டிப் பாடியது என்பார்கள். "எவ்வளவு பெரிய புலவர்! அவரே ஒரு பிள்ளையைப்போல இருந்து கேட்கிறார், பாருங்கோ" என்பார் வாத்தியார். பல வருடங்களுக்குப் பிறகு ஒஸ்லோவில் நோர்வேஜிய மொழி வகுப்பில் போய் உட்கார்ந்தபோது, எனக்கு முதலில் வாயில் வந்தது அந்தப் பாட்டுத்தான்.

பிரம்புக்குப் பயந்து நாங்கள் எழும்பி நின்ற ஆசிரியர்கள் பலர். இவர் பிரம்பு எடுத்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் இவர் வந்தால் வகுப்பு தானாக எழும்பும். ஏனென்று அப்போது விளங்கவில்லை. தனக்கு மேலே ஒன்று இருக்கிறது என்று அவர் நடந்துகொண்ட விதம்தான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். அவர் கும்பிட்டதைப் பார்த்துத்தான் நாங்கள் அவரைக் கும்பிட்டோம்.

ஒரு விஜயதசமிக்கு வீட்டிலிருந்து ஓர் ஏட்டுக்கட்டு கொண்டுவந்தார். பரியாரியாராக, அதாவது நாட்டு வைத்தியராக, இருந்த அவருடைய அப்பப்பாவின் வாகடம், மருத்துவ ஏடு. "கை கழுவிப்போட்டு வாங்கோ" என்றார். கழுவியதும் போதாது, ஈரம் போகத் துடைக்க வேண்டும். மரச்சட்டத்தில் சுற்றியிருந்த கயிற்றை மெல்ல அவிழ்த்து, ஓலையை இரண்டு விளிம்பிலும் பிடித்துத் தூக்கினார். எனக்கு அதில் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் ஓலை. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து ஓரத்தில் தடவித் துடைத்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. மெய்யெழுத்துக்குப் புள்ளியே இல்லாத அந்த வரிகளை அவர் தடங்காமல் வாசித்தார். வாசித்து முடித்து, கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கீழே வைத்தார்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றி அன்றுதான் சொன்னார். 1887இல் கலித்தொகையை அச்சில் ஏற்றிய மனிதர். தொட்டால் ஓரம் உதிர்கிற, புரட்டினால் துண்டாகிப் பறக்கிற ஏடுகளோடு பட்ட பாட்டை அந்தப் பதிப்புரையிலேயே எழுதியிருக்கிறார். அவர் அப்படிப் பாடுபட்டிராவிட்டால் எங்கள் கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று கேட்டபோது வாத்தியாரின் குரல் தழுதழுத்தது.

1981 மே 31 இரவு யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள் என்பது கணக்கு. அதைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞரான பாதிரியார் தாவீது அடிகள் இறந்துபோனார். எங்கள் வாத்தியார் அந்தக் கிழமை பாடம் எடுக்கவில்லை. தன்னுடைய சொந்தப் புத்தகங்களைக் கட்டிக் கொண்டுவந்து, ஆளுக்கு ஒன்றாகத் தந்தார். "ஒரு இடத்தில இருந்தால்தானே எரிக்கலாம்" என்றார். எனக்குக் கிடைத்தது நன்னூல் உரை. இடப்பெயர்வு அத்தனைக்கும் பிறகும் அது என்னிடம் இருக்கிறது.

எங்கள் பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். எங்களில் பலருடைய வீடுகளில் பழைய கல்லூரி மலர்கள், அப்பு ஆச்சி வைத்திருந்த ஏடுகள், கோயில் துண்டுப் பிரசுரங்கள் பெட்டிக்குள் கிடக்கின்றன. நூலகம் நிறுவனம் 2005 முதல் இப்படியானவற்றை மின்படியாக்கி இணையத்தில் எவரும் வாசிக்க வைத்துவருகிறது. வருகிற வாணி விழாவுக்கு அவற்றையும் கொண்டுவாருங்கள். பூசைக்கு வைத்து எடுத்த கையோடு, பிள்ளைகளை இருத்தி அவற்றைப் படம் எடுத்து அந்த நிறுவனத்துக்கு அனுப்பிவிடுவோம். ஸ்கானர் நான் கொண்டுவருகிறேன்.