ரீஃப் தொட்டியில் ராட்சத மட்டி: ஓட்டின் விளிம்பைப் பாருங்கள்

"நேற்றுவரை நன்றாக விரிந்திருந்தது, இன்று காலையில் செத்துக் கிடக்கிறது." ரீஃப் தொட்டியில், அதாவது பவளங்கள் வளரும் கடல்நீர்த் தொட்டியில், ராட்சத மட்டி வளர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பெரும்பாலும் அந்தச் சாவு ஒரே இரவில் வந்ததில்லை. வெளிச்சமோ நைட்ரஜனோ போதாமல், மாதக்கணக்கில் தன் உடம்பின் சேமிப்பைக் கரைத்து உயிர்வாழ்ந்த மட்டி, அது தீர்ந்ததும் போய்விடுகிறது. அதுவரை மேன்டில், அதாவது ஓட்டுக்கு வெளியே விரியும் அந்த வண்ணச் சதை, அழகாகவே தெரியும். அதனால் ஓட்டின் மேல்விளிம்பைப் பார்க்கப் பழகுங்கள். வளர்கிற மட்டியில் அங்கே பாசி படியாத புது ஓடு வெள்ளைக் கீற்றாகத் தெரியும். மாதம் ஒருமுறை ஒரே கோணத்தில் படமெடுத்து ஒப்பிட்டால் போதும். இளம் மட்டியில் இரண்டு மாதமாக அந்தக் கீற்றைக் காணோம் என்றால் ஏதோ ஒன்று குறைகிறது.

முதலில் எந்த இனம் என்பதைத் தீர்மானியுங்கள். குரோசியா சுமார் 15 செ.மீ. வரைதான் வளரும். மாக்சிமா 30 செ.மீ.யைத் தொடும், ஸ்குவாமோசா 40, டெராசா 60 வரை போகும். ஒரு மீட்டரைத் தாண்டி 200 கிலோவுக்கு மேல் எடை வைக்கும் ஜைகாஸை வீட்டுத் தொட்டிக்கு வாங்குவது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம். முதன்முறை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது டெராசாதான்: வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் தாங்கும். ஆனால் வேகமாக வளரும், ஆகவே 400 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் வேண்டாம். தொட்டி ஓடத் தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்கட்டும். ராட்சத மட்டிகள் அனைத்தும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. பண்ணையில் வளர்ந்ததை, ஆவணத்தோடு, உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதித்தால் மட்டும் வாங்குங்கள்.

மட்டியின் மேன்டிலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியில் சமைக்கும் சர்க்கரையே மட்டியின் முக்கிய உணவு. டெராசா, ஸ்குவாமோசாவுக்கு அது இருக்கும் இடத்தில் பிஏஆர் அளவு, அதாவது பாசி உணவு சமைக்கப் பயன்படும் ஒளியின் அளவு, 150 முதல் 250 வரை இருக்கலாம்; மாக்சிமா, குரோசியாவுக்கு 250 முதல் 400 வரை வேண்டும். கண்ணால் மதிப்பிட்டு ஏமாறாதீர்கள், பிஏஆர் மீட்டரை இரவல் வாங்கியாவது அளந்துவிடுங்கள். புதிதாக வந்த மட்டியை நேரே உச்சி வெளிச்சத்தில் வைத்தால் மேன்டிலின் நடுப்பகுதி வெளுக்கும். எல்இடியை பாதி அளவில் தொடங்கி, வாரத்துக்கு 10 சதவீதம் வீதம் ஏற்றுங்கள். வெளிச்சம் போதாத மட்டி மேன்டிலை அளவுக்கு மீறி நீட்டித் தொங்கவிடும். அதைச் செழிப்பு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

அடுத்தது நைட்ரஜன். மிகுந்த அக்கறையுள்ளவர்கள்தான் இங்கே தவறுகிறார்கள். பெரிய ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி), பாஸ்பேட் உறிஞ்சி, அடிக்கடி நீர்மாற்றம் என்று ஓட்டி, நைட்ரேட்டைப் பூஜ்யத்தில் நிறுத்திவிடுவார்கள். மேன்டிலில் உள்ள பாசிக்கு நைட்ரஜன் கிடைக்காது, நிறம் மங்கும், ஓட்டு வளர்ச்சி நிற்கும். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கட்டும். எளிய வழி, மீன்களுக்கு நன்றாகத் தீனி போடுவது. அப்படியும் ஏறவில்லையென்றால் தூய சோடியம் நைட்ரேட் 14 கிராமை ஆர்ஓ நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கரைசலில் 10 மி.லி., 100 லிட்டர் தொட்டி நீரின் நைட்ரேட்டை ஏறக்குறைய 1 பிபிஎம் உயர்த்தும். ஒரு நாளில் அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். 5 செ.மீ.க்குக் குறைந்த குட்டிகளுக்குப் பைட்டோபிளாங்க்டன் என்ற மிதக்கும் நுண்பாசியை ஊட்டியே தீர வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். ஊட்டுவதில் தவறில்லை. ஆனால் வெளிச்சமும் கரைந்த நைட்ரஜனும் சரியாக இல்லாத தொட்டியில் அந்தப் பச்சைத் தண்ணீர் குட்டியைக் காப்பாற்றாது.

ஓடு கட்ட கால்சியமும் காரத்தன்மையும் வேண்டும். காரத்தன்மை 8 முதல் 9 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), கால்சியம் 420 பிபிஎம் சுற்றி, மெக்னீசியம் 1300 சுற்றி, உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 25 அல்லது 26 டிகிரி செல்சியஸ். இவற்றில் தினசரி ஏற்ற இறக்கம் இல்லாதிருப்பதுதான் முக்கியம். 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா 1 டிகேஎச் ஏற்றும், 3.7 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் கால்சியத்தை 10 பிபிஎம் ஏற்றும். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, வேறு வேறு நேரத்தில் ஊற்றுங்கள். ஒன்றாகச் சேர்ந்தால் வெண்படிவாக இறங்கி வீணாகும். 1 டிகேஎச் செலவானால் சுமார் 7 பிபிஎம் கால்சியமும் செலவாகும் என்பதை நினைவில் வைத்தால் கணக்கு எளிது. தினமும் செலவாகும் டிகேஎச் அளவு காரணமின்றிக் குறைந்தால், மட்டி ஓடு கட்டுவதைக் குறைத்திருக்கலாம்; ஓட்டின் விளிம்பை மறுபடி பாருங்கள்.

மட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு திறப்பு உண்டு. அதன் வழியே பைசஸ் என்ற ஒட்டிழைகளை விட்டுத் தன்னைப் பிடித்துக்கொள்ளும். மாக்சிமாவையும் குரோசியாவையும் பாறையில் வையுங்கள். டெராசாவை மணலில் வைக்கலாம், ஆனால் மணலுக்குள் ஒரு தட்டைக் கல்லைப் புதைத்து அதன்மேல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிறகு இடம் மாற்றுவதும் சுலபம். கல்லோடு தூக்கிவிடலாம். ஒட்டிய மட்டியை ஒருபோதும் பிடுங்கி எடுக்காதீர்கள். இழையோடு அடிச்சுரப்பியும் கிழிந்து வந்தால் அது பெரும்பாலும் பிழைக்காது. மெல்லிய பிளேடால் பாறையை ஒட்டி இழைகளை அறுங்கள். நீரோட்டம் மிதமாக, சுற்றி வருவதாக இருக்கட்டும். பம்பின் நேரடி வீச்சு மேன்டிலை மடக்கிவிடும். குட்டை ஏஞ்சல், பட்டாம்பூச்சி மீன், பேத்தை மீன் ஆகியவை மேன்டிலைக் கடிக்கும். ஐப்டேசியா என்ற கொட்டும் கடல் அனிமோனும், நீண்ட கொடுக்கிழை வீசும் பவளங்களும் எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

புது மட்டி வந்த நீரில் தொட்டிநீரை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்கியபின், தொட்டியில் இறக்குமுன் அடித்திறப்பையும் ஓட்டு மடிப்புகளையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். அரிசிக் குருணை அளவில் வெள்ளை நத்தைகள் இருந்தால் அவை பிரமிடெல்லிட் ஒட்டுண்ணிகள். பகலில் ஒளிந்திருந்து, இரவில் சதையைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும். சிறிய மட்டியை ஒரு கூட்டமே தீர்த்துவிடும். தொட்டிநீர் நிரம்பிய பாத்திரத்தில் வைத்து, மென்மையான பல் துலக்கியால் ஓட்டைத் தேயுங்கள். நிறமற்ற பசைபோல ஒட்டியிருக்கும் முட்டைக் கூட்டத்தையும் சுரண்டி எடுங்கள். ஒரு தடவையில் முடியாது. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, இரவில் டார்ச் அடித்துப் பார்த்து, ஆறு வாரம் தொடருங்கள். ஆறுகோட்டு ராஸ் மீன் இந்த நத்தைகளைத் தின்னும், ஆனால் அதையே நம்பிச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

நத்தையும் இல்லை, கடிக்கும் மீனும் இல்லை, ஆனாலும் மேன்டில் விளிம்பு சில இடங்களில் கிள்ளியதுபோல் உள்ளிழுத்தே இருக்கிறது என்றால் நன்னீர்க் குளியலை முயலலாம். ஆர்ஓ நீரின் வெப்பத்தைத் தொட்டியோடு சமப்படுத்தி, சிறிது சமையல் சோடாவால் பிஎச்சை 8.1 பக்கம் கொண்டுவந்து, 20 முதல் 30 நிமிடம் வைப்பார்கள். அது பலவீனமான மட்டியைக் கொல்லவும் கூடும். நோய் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள். செம்பு கலந்த மீன் மருந்து எதுவும் அந்தத் தொட்டிக்குள் போகவே கூடாது.

நிழல் பட்டும் ஓட்டை மூடாமல், நீர் இழுக்கும் துளையை அகலத் திறந்துகொண்டே இருக்கும் மட்டியை நாள்தோறும் கவனியுங்கள். செத்தது என்று உறுதியானால் காத்திருக்காமல் எடுத்துவிட்டு, அன்றே நீர் மாற்றி, நீரைச் சுத்திகரிக்கும் கார்பன் போடுங்கள். அத்தனை பெரிய சதை ஓரிரவில் அழுகினாலும் தொட்டி முழுக்க அம்மோனியா ஏறிவிடும்.