பெட்டியின் நடுவில் ஓர் அறை

அம்மாவை அழைத்துக்கொண்டு இரவு ரயிலில் சென்ற ஒரு பயணத்தில், இருவருக்கான தனி அறை ஒன்றை எடுத்திருந்தேன். கதவைச் சாத்திக்கொள்ளலாம், விரிப்பும் தலையணை உறையும் வெளுப்பாக இருந்தன, தலைமாட்டில் படிப்பதற்குத் தனி விளக்கு இருந்தது. ஏறும்போது குறை சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். ரயில் வேகமெடுத்த பிறகு, சன்னலோரச் சிறு மேசையின் மேல் அம்மா வைத்திருந்த மாத்திரை அட்டை மெல்ல மெல்ல விளிம்பை நோக்கி நகரத் தொடங்கியது. எடுத்து உள்ளே தள்ளி வைத்தால், சற்று நேரத்தில் மறுபடியும் விளிம்புக்கு வந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் கழிவறையின் கதவு, அதற்கும் அப்பால் அடுத்த பெட்டிக்குப் போகும் நடைவழியின் கதவு. இரண்டில் எது திறந்து மூடினாலும் அம்மாவின் தலைமாட்டுச் சுவர் அதிர்ந்தது. விடிந்ததும் அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “ராத்திரி பூரா யாரோ கதவத் தட்டிக்கிட்டே இருந்த மாதிரி இருந்துச்சுப்பா.”

அன்றிலிருந்து, எந்த வகுப்பு என்று பார்ப்பதற்கு முன்பே பெட்டிக்குள் எந்த இடம் என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். பொதுவாக ஒரு ரயில் பெட்டி அதன் இரு முனைகளுக்கும் அருகில் உள்ள இரண்டு சக்கரத் தொகுதிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. தண்டவாள இணைப்புகளின் தட்டலும், பாதை பிரியும் இடங்களில் வரும் உதறலும், பிரேக்கின் கிறீச்சொலியும் அந்த இரு முனைகளின் வழியாகத்தான் முதலில் உள்ளே ஏறுகின்றன. கழிவறைகளும் வாசல்களும் பெரும்பாலும் அங்கேயே இருப்பதால், ஆள் நடமாட்டமும் விளக்கு வெளிச்சமும் அதே இடத்தில் சேர்ந்துகொள்கின்றன. நடு அறைக்கு இந்த இரண்டு தொல்லைகளும் எட்டாத தூரம். ஆகவே, கடைசி அறையில் கூடுதல் வசதியுள்ள படுக்கையைக் காட்டிலும் நடுவில் உள்ள எளிய படுக்கையே நல்ல தூக்கத்தைத் தரும் என்பது என் உறுதியான கருத்து.

நடு எது என்பதைப் படுக்கை எண்ணே சொல்லிவிடும். ரஷ்ய ரயில்களில் கூபே எனப்படும் அறைப் பெட்டியில் நான்கு படுக்கைகள் கொண்ட ஒன்பது அறைகள், ஆக 36 படுக்கைகள் உண்டு. ஒற்றைப்படை எண்கள் கீழ்ப்படுக்கை, இரட்டைப்படை எண்கள் மேல்படுக்கை. 17 முதல் 20 வரையிலான எண்கள் நட்டநடு அறையைச் சேர்ந்தவை. 33 முதல் 36 வரை கழிவறையை ஒட்டியவை. இந்தியாவில் 72 படுக்கைகள் கொண்ட ஸ்லீப்பர் பெட்டியில் கணக்கு எட்டால் வகுப்பது: மீதி 1 அல்லது 4 வந்தால் லோயர், 2 அல்லது 5 வந்தால் மிடில், 3 அல்லது 6 வந்தால் அப்பர், 7 வந்தால் சைடு லோயர், மீதியின்றி வகுபட்டால் சைடு அப்பர். 33 முதல் 40 வரை பெட்டியின் நடுப்பகுதி. 1 முதல் 8 வரையும் 65 முதல் 72 வரையும் வாசலுக்கும் கழிவறைக்கும் பக்கத்தில் அமைந்தவை. பயணச்சீட்டு கையில் வந்தவுடன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டால், வயதானவர்களுக்கு எந்தப் படுக்கையைக் கொடுப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

மேலா கீழா என்பதில் எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. உயரே போகப்போகப் பெட்டியின் பக்கவாட்டு ஆட்டம் கூடுதலாகத் தெரியும். கீழே சக்கரத்தின் சத்தம் கூடுதலாகக் கேட்கும். முழங்கால் வலி உள்ளவர்களையும், இரவில் பலமுறை எழுந்திருக்க வேண்டியவர்களையும் ஏணியேறச் சொல்வது தவறு. அவர்களுக்குக் கீழ்ப்படுக்கைதான், அதில் மறுபேச்சுக்கு இடமில்லை. தனியாகச் செல்லும் இளையவர்களுக்கு, பலர் சேர்ந்து பயணிக்கும் அறையில், மேல்படுக்கை கொஞ்சம் தனிமையைத் தரும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, படுக்கை கிடக்கும் திசை. ஐரோப்பாவின் அறைப் பெட்டிகள் பலவற்றில் படுக்கை ரயில் ஓடும் திசைக்குக் குறுக்கே கிடக்கிறது. அதில் பிரேக் பிடித்தால் உடல் பக்கவாட்டில் உருள முயலும். அமெரிக்காவின் ஆம்டிராக் ரயில் நிறுவனத்தில் ரூமெட் எனப்படும் சிற்றறையில் படுக்கை ஓடும் திசையிலேயே நீளவாக்கில் கிடக்கிறது. அங்கே பிரேக்கின் விசை தலையிலிருந்து காலுக்கோ காலிலிருந்து தலைக்கோ போகும். எனக்கு நீளவாக்கில் படுத்தால்தான் தூக்கம் வரும். குறுக்கே படுப்பதுதான் சுகம் என்று சாதிக்கும் நண்பர்களும் இருக்கிறார்கள்.

ஈரடுக்குப் பெட்டிகளில் நடு என்ற விதியோடு அடுக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆம்டிராக்கின் சூப்பர்லைனர் பெட்டியில் ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குப் போகும் வழி மேல்தளத்தில் மட்டுமே இருப்பதால், கீழ்த்தளத்தில் உள்ள 11 முதல் 14 வரையிலான ரூமெட்டுகளின் வாசலைக் கடந்து வேற்றுப் பெட்டிக்காரர்கள் போவதில்லை. காட்சி வேண்டும் என்பவர் மேலே போகலாம், தூக்கம் வேண்டும் என்பவருக்குக் கீழ்தான். ஆனால் அந்தப் பெட்டி எஞ்சினுக்கு அருகில் இருந்தால் வேறொரு தொல்லை உண்டு. அந்நாட்டில் லெவல் கிராசிங் நெருங்கும்போது இரண்டு நெடிய, ஒரு குறுகிய, மீண்டும் ஒரு நெடிய ஊதல் கொடுக்க வேண்டும் என்பது விதி. 1998 முதல் டோக்கியோவிலிருந்து ஓடும் சன்ரைஸ் செட்டோ, சன்ரைஸ் இசுமோ ரயில்களிலும் இரண்டு அடுக்கு அறைகள் உண்டு. மேலறையின் சன்னல் கூரையை நோக்கி வளைந்து செல்வதால் படுத்தபடியே வானத்தைப் பார்க்கலாம். கீழறையின் சன்னல் நடைமேடை மட்டத்தில் இருப்பதால், நிலையங்களில் திரையை இழுத்துவிட வேண்டியிருக்கும். அந்த இரண்டு ரயில்களும் ஒகாயாமா வரை ஒன்றாக வந்து, அங்கே காலையில் பிரிக்கப்படுகின்றன. இதுபோல வழியில் பெட்டிகளைக் கோர்ப்பதோ பிரிப்பதோ உண்டா என்பதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வியன்னாவிலிருந்தும் இன்ஸ்புருக்கிலிருந்தும் ஹாம்பர்க் செல்லும் நைட்ஜெட் என்ற இரவு ரயிலின் பெட்டிகள் நியூரம்பெர்க்கில் நள்ளிரவில் இணைக்கப்படுகின்றன.

விரும்பிய இடம் கிடைப்பது பெரும்பாலும் முன்பதிவு தொடங்கும் நாளைப் பொறுத்தது. ஜப்பானில் பயண நாளுக்கு ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்குப் பதிவு திறக்கிறது. சன்ரைஸின் நல்ல அறைகள் விரைவில் தீர்ந்துவிடும். இந்தியாவில் முன்பு 120 நாட்களாக இருந்த முன்பதிவுக் காலம், 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. அங்கே படுக்கை எண்ணை நாமே தேர்ந்தெடுக்க முடியாது, விருப்பத்தைத்தான் சொல்ல முடியும். ஆனாலும், குறைந்தது ஒரு லோயர் கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்ற தெரிவு இணையப் பதிவில் இருப்பதை அறியாமல் பலர் பெற்றோரை அப்பர் பெர்த்தில் ஏற்றிவிடுகிறார்கள். முதல் வகுப்பு ஏசியில் கிடைப்பது இருவர் அறையா (இங்கே கூபே என்பது இதைத்தான்) நால்வர் அறையா என்பது சார்ட் தயாராகும்போதுதான் தெரியும்.

பெட்டியின் வரைபடத்தைக் காட்டும் தளமாக இருந்தால் வேலை எளிது. எண்ணை மட்டும் கொடுக்கும் தளமாக இருந்தால், நான் உடனே தொலைபேசியை எடுத்துவிடுவேன். “நல்ல அறையாகக் கொடுங்கள்” என்று கேட்டால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. “சக்கரத்தின் மேலும் வேண்டாம், கழிவறைப் பக்கமும் வேண்டாம், நடுவில் எந்த எண் காலியாக இருக்கிறது” என்று கேட்டால் திரையைப் பார்த்து எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். பக்கத்து அறையோடு இணைக்கும் உள்கதவு உண்டா என்றும் அப்போதே கேட்டுவிடுவேன். குடும்பமாகப் போகும்போது அந்தக் கதவு பெரிய வசதி. தெரியாதவர் பக்கத்தில் இருந்தால், அவருடைய இருமல்கூட அந்தக் கதவின் வழியாக நம் அறைக்குள் வந்துவிடும்.

அம்மாவை அடுத்த முறை அழைத்துச் சென்றபோது இப்படித்தான் கேட்டுப் பதிவு செய்தேன். புறப்படும் நாளில் வேறு பெட்டியைக் கோர்த்திருந்தார்கள், அறையின் எண்ணும் மாறிவிட்டது. பதறாமல், வாசலில் நின்ற பணியாளரிடம் அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சொல்லி, நடுவில் ஏதாவது காலியாக இருக்கிறதா என்று கேட்டேன். கையிலிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு, “அடுத்த ஸ்டேஷன்ல யாரும் ஏறலன்னா அஞ்சாவது ரூம் உங்களுக்குத்தான், சார்” என்றார். யாரும் ஏறவில்லை. இரவு இரண்டு மணிக்கு நான் கண்விழித்தபோது அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். மாத்திரை அட்டை மேசையின் நடுவில், அவர் வைத்த இடத்திலேயே இருந்தது.