சாக்கடையில் கிடைத்த மோதிரக் கற்கள்: பாத் முதல் வியன்னா வரை

இங்கிலாந்தின் பாத் நகரத்துக்குப் போகிறவர்கள் ரோமானியர் கட்டிய வெந்நீர்க் குளத்தைப் பார்க்கப் போவார்கள். நான் போனது அந்தக் குளத்தின் சாக்கடைக்காக. லண்டன் பாடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பாத். பச்சைத் தண்ணீரிலிருந்து ஆவி எழும் அழகையெல்லாம் படம் எடுக்கும் கூட்டத்துக்கு விட்டுவிட்டு, நேராக உள்ளே இருக்கும் காட்சிக்கூடத்துக்குப் போனேன்.

19ஆம் நூற்றாண்டில் இந்தக் குளத்தின் கழிவுநீர்க் கால்வாயைத் தோண்டியபோது 34 செதுக்குக் கற்கள் கிடைத்தன. மோதிரங்கள் இல்லை, கற்கள் மட்டும். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத கல்லில் தெய்வமும் விலங்கும் மனிதனுமாகக் குழிவாக வெட்டப்பட்ட உருவங்கள். ரோமானியக் காலத்தில் மோதிரத்தில் கல்லைப் பிசின் வைத்துத்தான் ஒட்டுவார்கள். மோதிரத்தோடு வெந்நீரில் இறங்கினால் பிசின் இளகும், உலோகம் விரியும், கல் நழுவித் தண்ணீரோடு போய்விடும். வீட்டுக்குப் போனபிறகுதான் மோதிரம் மொட்டையாக இருப்பது தெரிந்திருக்கும். பாத் கற்கள் எல்லாமே இப்படித் தவறவிட்டவைதானா, இல்லை யாரோ ஒரு கல் வியாபாரியின் பை மொத்தமாக விழுந்ததா, குளத்துக்குரிய அம்மனுக்குச் செலுத்திய காணிக்கையா என்று ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஆனால் வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவருக்குப் பக்கத்தில் உள்ள கார்லைல் நகரத்தில், ஒரு கிரிக்கெட் கிளப் வளாகத்தில் தோண்டிய ரோமானியக் குளியல் கூடத்தின் கால்வாயிலும் இதேபோல் 30க்கும் மேற்பட்ட கற்கள் கிடைத்ததாக 2023இல் செய்தி வந்தது. எனக்கு அந்த நழுவிய மோதிரக் கதைதான் பிடித்திருக்கிறது.

இந்தக் கற்களை நேராகப் பார்த்தால் ஏமாற்றம்தான். சிவப்போ பழுப்போ ஒரு சின்னப் பொட்டு, அதில் ஏதோ கீறல். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் உருவம் எழும். அதைவிட நல்லது அச்சு. இவை முத்திரைக் கற்கள், இவற்றில் இருப்பது உருவத்தின் இடவலம் மாறிய பதிப்பு. அரக்கிலோ களிமண்ணிலோ அழுத்தும்போது குழிவு மேடாகும், இடது வலதாகும். செதுக்கியவர் மனதில் வைத்திருந்த படம் அப்போதுதான் வெளியே வரும். அதனால் நல்ல அருங்காட்சியகங்கள் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அச்சையும் வைத்திருக்கும். வைக்காத இடங்களில் நான் கொஞ்சம் கடுப்பாகிவிடுவேன்.

ரோமானியருக்குப் பிடித்த கல் கார்னீலியன் எனப்படும் செந்நிறச் சூதுபவளம். நல்ல கடினம், விளிம்பு சீக்கிரம் மழுங்காது, அரக்கும் ஒட்டாமல் சுத்தமாக விட்டுவிடும். அந்தக் காலத்தில் கையெழுத்து, பூட்டு, அடையாள அட்டை எல்லாமே இந்த மோதிரம்தான். ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் சீசரின் முத்திரையில் முதலில் இருந்தது ஸ்ஃபிங்ஸ், மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட புராணப் பிராணி. ஒரே மாதிரி இரண்டு வைத்திருந்தார். அவர் ஊரில் இல்லாதபோது நண்பர்கள் இன்னொன்றைப் போட்டுக் கடிதம் அனுப்புவார்களாம். ஸ்ஃபிங்ஸ் விடுகதை போடும் பிராணி அல்லவா, கடிதம் வாங்கியவர்கள் அதைச் சொல்லியே கிண்டல் செய்ய, அவர் அலெக்சாண்டர் தலைக்கு மாறினார். அவருடைய நண்பர் மீசெனஸின் முத்திரையில் தவளை. அந்தத் தவளையைப் பார்த்தாலே ஊர் நடுங்குமாம், ஏனென்றால் அது வந்தால் பணம் கட்டச் சொல்லும் கடிதம் என்று அர்த்தம். இதையெல்லாம் எழுதி வைத்தவர் ரோமானிய எழுத்தாளர் பிளினி. அவருடைய கலைக்களஞ்சியத்தின் 37ஆம் பகுதி முழுக்கக் கற்களைப் பற்றியதுதான்.

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம். அங்கே மெசபடோமியக் கூடத்தில் உருளை முத்திரைகள் வரிசையாக இருக்கின்றன. 5000 ஆண்டுகளுக்கும் முன்பே புழக்கத்துக்கு வந்துவிட்ட, களிமண்ணில் உருட்டினால் படம் நீளமாக ஓடும் முத்திரைகள். ரோமானிய பிரிட்டன் பகுதியில் ஸ்நெட்டிஷாம் புதையல். 1985இல் நார்ஃபோக்கில் வீடு கட்டத் தோண்டியபோது கிடைத்த சின்ன மண்பானை அது, கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பொற்கொல்லர் ஒருவருடையது. உள்ளே வெள்ளிக்காசுகள், மோதிரங்கள், அப்புறம் இன்னும் மோதிரத்தில் பதிக்காத 100க்கும் மேற்பட்ட சூதுபவளக் கற்கள். விற்காத சரக்கு! ஒரே மாதிரியான சின்ன உருவங்கள், அவசரமான வெட்டு. அரசர்களின் கற்களைவிட இந்தச் சாமானியச் சரக்கின் முன்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

இதே மியூசியத்தில் 2023இல் நடந்த விவகாரம் சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். சுமார் 2000 பொருள்கள் காணாமலோ திருடுபோயோ சேதப்பட்டோ இருப்பதாக அறிவித்தார்கள், இயக்குநர் பதவி விலகினார். போனவற்றில் பெரும்பங்கு செதுக்குக் கற்களும் பொன்நகைத் துண்டுகளும். பல பொருள்கள் முறையாகப் பதிவாகவே இல்லை. பதிவு இல்லாத பொருள் காணாமல் போனால் அது இருந்தது என்று எப்படி நிரூபிப்பது? ஒரு வெளி வியாபாரி இணைய ஏலத்தில் பார்த்துச் சந்தேகப்பட்டதால்தான் கதையே வெளியே வந்தது. மீட்டவற்றில் சிலவற்றை 2024இல் கண்காட்சியாகவே வைத்தார்கள்.

மறுநாள் ஒரு பழம்பொருள் சந்தைக்குப் போனேன். ஒரு மேசையில் அழகான உருளை முத்திரை. பச்சைக் கல், இரண்டு வீரர்கள் ஒரு சிங்கத்தோடு மல்லுக்கட்டும் காட்சி. "பழைய ஐரோப்பியச் சேகரிப்பு" என்றார் விற்றவர். யாருடைய சேகரிப்பு, எந்த வருஷம் வந்தது, ஏதாவது ரசீது, பழைய ஏலப் பட்டியல், கடிதம் உண்டா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றினார். 2003இல் பாக்தாத் அருங்காட்சியகத்தின் நிலவறையிலிருந்து மட்டும் சுமார் 5000 உருளை முத்திரைகள் கொள்ளை போயின. சட்டைப்பையில் பத்து முத்திரைகளை வைத்துக்கொண்டு எல்லை தாண்டிவிடலாம், அதுதான் இந்தப் பொருளின் சாபம். காகிதம் இல்லையென்றால் நான் தொடுவதில்லை. வியாபாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், போகட்டும்.

காகிதத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கல்லுக்கு வயது சொல்ல முடியாது. மரத்துக்கும் எலும்புக்கும் கார்பன் சோதனை உண்டு. கல்லோ பூமிக்குள் உருவாகிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆனது. அதில் விழுந்த வெட்டு 2000 ஆண்டுப் பழையதா, 200 ஆண்டுப் பழையதா என்று எந்த இயந்திரமும் உறுதியாகச் சொல்லாது. வெட்டின் பாணி, தேய்மானம், கருவியின் தடம், பதித்த மோதிரத்தின் வடிவம், இவற்றைப் பார்த்து அனுபவசாலிகள் சொல்வதுதான். அவர்களும் சறுக்குவார்கள்.

எப்படிச் சறுக்கினார்கள் என்பதற்கு ஒரு போலந்து இளவரசர் சாட்சி. ஸ்டானிஸ்லாவ் போனியாடோவ்ஸ்கி சுமார் 2500 கற்களைச் சேர்த்து வைத்திருந்தார். பல கற்களில் பழைய கிரேக்கக் கைவினைஞர்களின் கையெழுத்துகூட இருந்தது. அவர் இறந்தபிறகு 1839இல் லண்டனில் ஏலம் விட்டார்கள். அப்புறம்தான் குட்டு உடைந்தது. பெரும்பாலானவை ரோம் நகரத்தில் அவர் காலத்துச் செதுக்குநர்களைக் கொண்டே அவர் செய்யவைத்தவை, கையெழுத்து உட்பட. ஆயிரத்துக்கும் மேல் வாங்கிய ஜான் டிரெல் என்பவர் தன்னுடையவை அசல்தான் என்று கடைசிவரை வாதாடினார். செதுக்குக் கற்கள் மீது ஐரோப்பாவுக்கு இருந்த மோகமே இதற்குப் பிறகு தணிந்துபோனது. வேடிக்கை என்னவென்றால், இன்று அந்தப் 'போலி'களையே தேடிச் சேகரிக்கிறார்கள். வேலைப்பாடு அவ்வளவு நன்றாக இருக்கும். எனக்கு ஒன்று கிடைத்தால் நானும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

இதற்கு நேர் எதிரான கல்லைப் பார்க்க ஆக்ஸ்ஃபோர்டு போனேன். ஆஷ்மோலியன் மியூசியத்தில் இருக்கும் ஃபெலிக்ஸ் கல். டிராய் நகரத்துப் புனிதச் சிலையைத் திருடிக்கொண்டு கிரேக்க வீரன் டயோமிடிஸ் பலிபீடத்தைத் தாண்டும் காட்சி. செதுக்கிய ஃபெலிக்ஸின் பெயரும், முதல் உரிமையாளர் கல்பூர்னியஸ் செவரஸின் பெயரும் கல்லிலேயே இருக்கின்றன. அரண்டல் பிரபு, மார்ல்பரோ பிரபுக்கள், 1899 ஏலம், கடைசியில் ஆர்தர் எவன்ஸ் என்று கைமாறிய வரலாறு தெரிந்திருக்கிறது. கிரீட் தீவில் நோசோஸ் அரண்மனையைத் தோண்டிய அதே எவன்ஸ்தான். அவரை அங்கே இழுத்துப் போனதும் முத்திரைக் கற்களே. கிட்டப்பார்வைக்காரர், பொருளைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்ப்பார். அப்படிப் பார்த்தபோது கற்களில் இருந்த நுண்ணிய குறிகள் எழுத்தாக இருக்கலாம் என்று தோன்றியது. கிரீட் தீவில் தாய்மார்கள் பால் சுரக்கும் என்று நம்பி அந்தப் பழங்கற்களைக் கழுத்தில் அணிந்திருந்தார்கள்.

அங்கிருந்து ஜெர்மனி. நாஹே ஆற்றை ஒட்டிப் போகும் ரயிலில் இடார்-ஓபர்ஸ்டைன் என்ற சின்ன ஊர். மலைப்பாறைக்குள் ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு தேவாலயம், கீழே தெரு முழுக்கக் கல் வியாபாரம். இந்த மலைகளில் முன்பு அகேட் என்னும் வரிவரியான வண்ணக்கல் கிடைத்தது. அது குறைந்தபிறகு, பிரேசிலுக்குக் குடிபோன இந்த ஊர்க்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் அங்கே கண்டெடுத்து அனுப்பிய கல்லால் தொழில் பிழைத்தது. பழைய நீர்ச்சக்கரப் பட்டறை ஒன்றை அப்படியே பாதுகாத்திருக்கிறார்கள். ஆளுயர மணற்கல் சக்கரம் சுழலும், அதன் முன் தொழிலாளி குப்புறப் படுத்துக் கல்லைச் சக்கரத்தோடு அழுத்திப் பிடிப்பார். நாளெல்லாம் ஈரத்திலும் கல்தூசியிலும் படுத்துக் கிடந்தவர்களுக்கு நுரையீரல் நோய் சாதாரணமாக வந்தது. வழிகாட்டி இதைச் சொன்னபோது கூட்டத்தில் யாரும் படம் எடுக்கவில்லை.

செதுக்கும் வேலையை ஒரு சின்னப் பட்டறையில் பார்த்தேன். நான் நினைத்திருந்தது உளிபோல ஒரு கருவி கல்லைக் கீறும் என்று. அப்படி இல்லை. கருவி ஒரே இடத்தில் கிடைமட்டமாகச் சுழல்கிறது, அதன் நுனியில் எண்ணெயில் குழைத்த வைரத்தூள். கல்தான் செதுக்குநரின் விரல்களில் நகர்கிறது. ரோமானியரிடம் வைரத்தூளுக்குப் பதில் நாக்ஸோஸ் தீவின் குருந்தக்கல் தூள், மோட்டாருக்குப் பதில் வில்லால் சுழற்றும் துரப்பணம். தத்துவம் அதேதான். எண்ணெய்ச் சேறு மூடியிருப்பதால் வெட்டும் இடம் தெரியவே தெரியாது. அவ்வப்போது துடைத்து, மெழுகில் அழுத்தி அச்சு எடுத்துப் பார்க்கிறார். "கல்லைப் பார்த்து வேலை செய்யமுடியாதுங்க, அச்சைப் பார்த்துத்தான்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். என் ஜெர்மன் அவ்வளவுதான்.

வியன்னாவில் கலை வரலாற்று மியூசியம். எல்லோரும் ப்ரூகல் ஓவியங்களை நோக்கி மாடியேற, நான் கிரேக்க ரோமானியப் பிரிவுக்குள் நுழைந்தேன். ஜெம்மா அகஸ்டியா, 19க்கு 23 சென்டிமீட்டர் ஓனிக்ஸ். இது முத்திரை அல்ல, புடைப்புச் செதுக்கல். கல்லின் வெள்ளை அடுக்கில் உருவங்கள், கருநீல அடுக்கு பின்புலம். மேலே அகஸ்டஸ் கடவுள்போல அமர்ந்திருக்கிறார், அவருடைய மகர ராசிச் சின்னம் தலைக்கு அருகே. கீழே வீரர்கள் வெற்றிக்கம்பம் நடுகிறார்கள், தோற்றவர்களை முடியைப் பிடித்து இழுக்கிறார்கள். பிரசாரப் படம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டியிருந்தால் வெள்ளை போய் நீலம் வந்திருக்கும், ஒரு முகமே போயிருக்கும். அந்தக் கையை என்னால் வெறுக்க முடியவில்லை.

அடுத்தது நேபிள்ஸ். ஃபர்னேசே கிண்ணம் அங்கே இருக்கிறது, ஒற்றைக் கல்லில் குடைந்த, ஒரு காலத்தில் ஃப்ளோரன்ஸ் நகரத்தை ஆண்ட லாரென்சோ மெடிசி வைத்திருந்த கிண்ணம். 2000 ஆண்டுகள் உடையாமல் தப்பித்து வந்த அதை, 1925இல் மியூசியத்துக் காவலாளி ஒருவர் குடையால் அடித்து உடைத்துவிட்டார். ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒட்டிய தடம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். மழைக்காலமாக இருந்தாலும் குடை எடுத்துப் போவதாக இல்லை.