ஸ்கேலை இன்ச் பக்கம் திருப்பினேன், அரியர் போயிற்று

நேற்று ரிசல்ட். எம்.எஸ்சி. புவியியலில் தியரி எல்லாம் தாண்டியவன், போன வருடம் பிராக்டிகலில், வரைபடத்தைப் பார்த்து நிலத்தின் குறுக்குவெட்டு வரைகிற ஒரே ஒரு ஷீட்டில் விழுந்தேன். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு, 1:24,000, கான்டூர் (சம உயரக் கோடு) இடைவெளி 40 அடி.

நம் சர்வே ஆஃப் இந்தியா ஷீட்டிலேயே பழகிய கை: 1:50,000, 20 மீட்டர். அதே வேகத்தில் செங்குத்து அளவை 1 செ.மீ.க்கு 500 என்று போட்டுவிட்டேன். வரைந்தது அடிக் கணக்கில். வி.இ. (கிடை அளவைவிட உயரத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறோம் என்பது) கணக்கில் மட்டும் அந்த 500ஐ மீட்டராகப் பிடித்து 0.48 என்று எழுதியிருக்கிறேன். எக்ஸ்டர்னல் பார்த்துவிட்டு, "படத்துல பள்ளம் ஆழமா இருக்கு, கணக்குல தட்டையாயிடுச்சே, எப்படிப்பா?" என்றார். சரியான விடை 1.57. வீட்டுக்கு வந்துதான் உறைத்தது.

இந்த முறை மறுபடி அதே பள்ளத்தாக்கு. ஸ்கேலை இன்ச் பக்கம் திருப்பினேன், அவ்வளவுதான். 1:24,000ல் 1 இன்ச் என்றால் 2,000 அடி. செங்குத்துக்கு 1 இன்ச் = 1,000 அடி வைத்தால் வி.இ. நேராக 2. கால்குலேட்டரைத் தொடவே இல்லை. அமெரிக்க ஷீட் வந்தால் செ.மீ. பக்கமே போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்புறம் சில:

- ரெட்வால் சுண்ணாம்புப் பாறைச் சுவரில் கோடுகள் ஒட்டிப்போய் பழுப்புப் பட்டையாகத் தெரியும். அங்கே தடித்த கோட்டை மட்டும் எண்ணுங்கள், ஒவ்வொன்றும் 200 அடி.
- கீழே டான்டோ மேடையில் கோடுகள் திடீரென விலகும். அங்கிருந்த மெத்தென்ற ஷேல் பாறை அரித்துப்போனதால் வந்த படி அது. குறுக்குவெட்டில் அந்தப் படியை வழவழவென்று வளைத்து வரைந்தால் மார்க் போச்சு.
- குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை. தனியாக நாற்பது குறுக்குவெட்டு வரைந்தேன்.

வைவாவில், ஹெலிகாப்டர் இல்லாத காலத்தில் இதை எப்படி அளந்தார்கள் என்று கேட்டார்கள். 1902ல் அமெரிக்க நில அளவையாளர் மத்தேஸ், பிளேன் டேபிளோடு (களத்திலேயே வரைபடம் வரைகிற முக்காலிப் பலகை) இறங்கிய கதையைச் சொன்னேன். அடுத்து, இந்தியாவின் பெரிய முக்கோண நில அளவையைத் தொடங்கிய லாம்ப்டன். 1802ல் அவர் அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோடு) அளந்தது பரங்கிமலைப் பக்கம். தினமும் ட்ரெயின் மாறுகிற இடம், அதை மறப்பேனா?

ஒன்று விட்டுப்போச்சு. லேப் ஃபேன் காற்றில் கான்டூர் குறிக்கிற காகிதத் துண்டு பறக்கும். செல்லோடேப் எடுத்துப்போங்கள், அங்கே தர மாட்டார்கள்.